திண்ணையில் தொடங்கிய கல்வி



  ஆண்டறிக்கை மலரைக் கையில் எடுப்போர் முதலில் புரட்டுவது வரவு செலவுப் பக்கத்தைத்தான் என்பதை நாம் அறிவோம். அதில் குறையொன்றுமில்லை, அமானிதத்தின் கணக்கைக் கேட்பது உறுப்பினரின் உரிமை. அந்தப் பக்கத்தைப் பார்த்து முடித்தபின், எந்தக் கணக்கேட்டிலும் ஏறாத ஓர் உழைப்பைப் பற்றிய இவ்வரலாற்றையும் படிக்குமாறு வேண்டுகிறோம். ஆசிரியர் பணியில் இல்லாதவர்கள் ஊர்ப்பிள்ளைகளை உட்காரவைத்து எழுத்துக் கற்பித்த வரலாறு இது. மதீனாவில் தொடங்கும் இவ்வரலாறு, இரும்பைக்கு வடக்கே மரக்காணத்து உப்பளங்களின் ஓரம்வரை வந்து சேர்ந்திருக்கிறது.

பத்ருக் கைதிகளும் பத்துப் பிள்ளைகளும்

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு ரமளான் மாதம் (கி.பி. 624) பத்ருப் போர் நடந்தது. குறைஷியரில் 70 பேர் சிறைப்பட்டனர். வசதி படைத்தோருக்கு 4000 திர்ஹம் வரை ஈட்டுத்தொகை விதிக்கப்பட்டது. கையில் பொருளில்லாத, ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்த கைதிகளுக்கு நபி (ஸல்) அவர்கள் வேறொரு வழியை ஏற்படுத்தினார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்றுத் தரவேண்டும். பிள்ளைகள் தேறிவிட்டால் அதுவே அக்கைதியின் விடுதலைக்கு ஈடு. அவ்வாறு கற்றவர்களில் ஒருவர் ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்கள் என்பதை இப்னு ஸஅத் பதிவு செய்துள்ளார். அப்போது அவர்களுக்கு வயது ஏறத்தாழ 13. பின்னாளில் வஹீயை எழுதும் பொறுப்பு அவர்களுக்குக் கிடைத்தது. அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆட்சியில் குர்ஆனை ஒன்று திரட்டும் மாபெரும் பணியும் அவர்களிடமே ஒப்படைக்கப்பட்டது.

கைதிகளைத் தன்னார்வலர்கள் என்று சொல்ல முடியாதுதான். அவர்கள் கட்டாயத்தின்பேரில் கற்பித்தார்கள். ஆயினும் இந்நிகழ்ச்சியில் இரண்டு செய்திகள் நம் கவனத்திற்குரியவை. முதலாவது, கற்பித்தவர் முஸ்லிம் அல்லர். நேற்றுவரை வாளேந்தி எதிர்த்து நின்றவர். எழுத்து யாரிடமிருந்து வருகிறது என்பதை நபி (ஸல்) அவர்கள் தடையாகக் கருதவில்லை. யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு ஸைத் (ரலி) அவர்களைப் பின்னர் அவர்களே பணித்தார்கள் என்பதும், அரை மாதத்திற்குள் ஸைத் (ரலி) அவர்கள் அதைக் கற்றுத் தேறினார்கள் என்பதும் திர்மிதியில் உள்ள செய்தி.

இரண்டாவது செய்தி அதிகம் பேசப்படாதது. முஸ்னத் அஹ்மதில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பாக வருகிறது. அப்படிப் படிக்கப்போன சிறுவன் ஒருவன் ஒருநாள் அழுதுகொண்டே தந்தையிடம் வந்தான். ஆசிரியர் அடித்துவிட்டார் என்றான். தந்தைக்குக் கோபம் வந்துவிட்டது. பத்ரின் பழியை என் பிள்ளையிடம் தீர்க்கிறானா, இனி அவனிடம் நீ போகவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1400 ஆண்டுகளுக்கு முற்பட்ட இந்த வீட்டுக் காட்சி நமக்கு எவ்வளவு பழக்கமானது! கற்பிக்க ஆள் இருந்தார்; இடம் இருந்தது; ஏற்பாடு நபி (ஸல்) அவர்களுடையது. இருந்தும் ஒரு பிள்ளை வீட்டில் தங்கிவிட்டது. இதை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

மஸ்ஜிதுன் நபவியின் ஓரத்தில் நிழலுக்காக வேயப்பட்ட இடம் சுஃப்பா. அதைத் தமிழில் திண்ணை என்றும், அங்கே தங்கிக் கற்றவர்களைத் திண்ணைத் தோழர்கள் என்றும் சொல்வது நம் வழக்கம். மேலாடைகூட இல்லாத நிலையில் அவர்களில் 70 பேரைத் தாம் கண்டதாக அபூஹுரைரா (ரலி) அவர்கள் கூறியுள்ளார்கள். அவர்களில் சிலருக்கு எழுத்தையும் குர்ஆனையும் கற்பித்தவர் உப்பாதா பின் ஸாமித் (ரலி) அவர்கள். கற்றவர்களில் ஒருவர் நன்றியாக ஒரு வில்லைக் கொடுத்தபோது, அல்லாஹ்வின் பாதையில் பயன்படுத்தலாமே என்றெண்ணி அதை ஏற்கலாமா என்று உப்பாதா (ரலி) அவர்கள் வினவினார்கள். நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்தார்கள். இது அபூதாவூதில் உள்ளது. இதைக் கொண்டு கற்பித்தலுக்குக் கூலியே கூடாது என்று எல்லா ஃபுகஹாக்களும் முடிவு செய்துவிடவில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் அதற்கு அனுமதி உண்டு. ஹனஃபி மத்ஹபின் பிற்கால அறிஞர்களும் தேவை கருதி அனுமதித்தார்கள். நாமும் ஜமாஅத்திடம் மாதச் சம்பளம் பெற்றுத்தான் ஓதிக் கொடுக்கிறோம். ஆகவே இவ்விஷயத்தில் குரலை உயர்த்திப் பேசும் தகுதி நமக்கில்லை. ஆனால் ஏழைத் தோழர்களுக்கு ஏழைகளின் இடத்திலேயே வைத்துக் கைம்மாறின்றிக் கற்பிப்பது என்ற வழக்கத்திற்கு உப்பாதா (ரலி) அவர்களின் வில் ஓர் அடையாளமாக நின்றுவிட்டது.

பெண்கள் இதில் பின்னால் வந்து சேர்ந்தவர்கள் அல்லர். ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்பித்தார்கள். நபியவர்களின் வீட்டிற்குள்ளேயே ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு எழுத்தறிவித்திருக்கிறார்.

நம் மண்ணின் திண்ணைகள்

தமிழகத்தில் திண்ணை என்றாலே பள்ளிக்கூடம் என்னும் காலம் இருந்தது. மணலைப் பரப்பி விரலால் எழுதுவதும், முன்னே கற்ற பிள்ளை பின்னே வந்த பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதும் அப்பள்ளிகளின் முறை. அப்படிச் சொல்லிக் கொடுக்கும் மூத்த மாணவனே சட்டாம்பிள்ளை. 1789இல் சென்னை எழும்பூரில் இராணுவ அனாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் இல்லத்தில் புகுத்தினார். சம்பள ஆசிரியர்கள் அதற்கு இணங்காதபோது, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே கீழ்வகுப்புக்கு ஆசிரியனாக்கினார். ஊர் திரும்பி 1797இல் அவர் வெளியிட்ட நூலின் வழியே அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயருடன் இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது. நம் திண்ணையில் இருந்த சட்டாம்பிள்ளை கப்பலேறிப் போய் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த கதை இது. அங்கே அவன் பெரும் கூட்டங்களை மேய்க்கும் மலிவான கருவியாகவும் ஆக்கப்பட்டான் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஆசிரியருக்குத் துணையாக இருந்தவரை அம்முறை பயன் தந்தது. ஆசிரியருக்குப் பதிலாக வைக்கப்பட்டபோது பாடம் வெறும் ஒப்பிப்பாகத் தேய்ந்தது.

நம் மக்தபுகளும் அவ்வகையைச் சேர்ந்தவையே. அலிஃபுக்கு ஸபர் அ, ஸேர் இ, பேஷ் உ என்று ஓதத் தெரிந்த பிள்ளை, தெரியாத பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓதிக் கொடுக்கும். தமிழ் முஸ்லிம்களிடையே இதற்குமேல் இன்னொன்றும் இருந்தது. அரபு எழுத்தை அறிந்து தமிழ் எழுத்தை அறியாத நம் பெண்மக்களுக்காக, தமிழையே அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் நூல்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் 'மகானி' அவ்வகையில் புகழ்பெற்றது. மார்க்கச் சட்டங்களும் பைத்துகளும் அவ்வெழுத்தில் வீடுகளுக்குள் சென்றன. வீட்டிலிருந்த மூத்த பெண்கள் அண்டைவீட்டுச் சிறுமியரைக் கூட்டிவைத்து ஓதிக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தின் வாசலை மிதிக்காத பெண்கள் தம் மொழியில் நூல் படித்தார்கள். அந்த எழுத்துமுறை வழக்கொழிந்தது குறித்து வருந்துவோர் உண்டு. அதைவிட, அந்த வீட்டுப் பள்ளிகள் மறைந்ததே பெரிய இழப்பு என்று நாம் கருதுகிறோம்.

அறிவொளியின் காலம்

1988 மே மாதம் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பட்டது. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் 1990 பிப்ரவரியில் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. ஊதியம் பெறாத இளைஞர்களும் பெண்களும் ஆளுக்குச் சிலராகப் பிரித்துக்கொண்டு கற்பித்ததே அதன் அடிப்படை. 1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டின் மானாஞ்சிறை மைதானத்தில், கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்ற அறிவிப்பை வாசித்தவர் அமைச்சரோ அதிகாரியோ அல்லர். மலப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த சேலக்கோடன் ஆயிஷா என்ற முஸ்லிம் மூதாட்டி அவர். அந்த இயக்கத்தில்தான் அவர் எழுத்துக் கற்றார். முதுமையில் எழுத்துக் கூட்டிய ஒரு பெண்மணி, மாநிலமே கேட்க வாசித்தார். மாஷா அல்லாஹ்!

தமிழகத்தில் அது அறிவொளி இயக்கம் என்ற பெயரில் நடந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் காலத்தில், கல்லுடைக்கும் பெண்கள் பகலெல்லாம் உழைத்துவிட்டு மாலையில் பாடத்திற்கு வந்தனர். எழுத்துடன் சைக்கிள் ஓட்டவும் கற்றனர். 1992 ஆகஸ்ட்டில் அம்மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அன்று கற்றவர்கள் பெரியவர்கள். நாம் பேச வந்ததோ சிறு பிள்ளைகளைப் பற்றி. ஆயினும் பக்கத்துத் தெருக்காரர் பக்கத்துத் தெருக்காரருக்குக் கற்பிக்க முடியும் என்பதைத் தமிழகம் அப்போது கண்டுவிட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து அந்த நினைவு மீண்டும் தேவைப்பட்டது.

முதலியார்குப்பத்தில் தொடங்கியது

2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழகத்தில் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1 அன்றுதான். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள்! கைப்பேசி வழிப் பாடம் என்றார்கள். வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி, அதுவும் தந்தையுடன் வேலைக்குப் போய்விடும் என்றால் பிள்ளை எதைப் பார்த்துப் படிக்கும்? நம் கடலோரத்தில் உப்பெடுக்கும் காலம் தை, மாசியில் தொடங்கி வடகிழக்குப் பருவமழை வரும்வரை நீள்வது. உப்பளத்திற்குச் செல்வோர் ஃபஜ்ருக்கு முன்பே வீட்டை விட்டுப் புறப்படுகிறார்கள். வெயிலில் பாத்தியின் உவர்நீரில் நின்று உப்பு வாரிய தாய், திரும்பி வந்து பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித் தருவதென்பது நடக்கக்கூடிய காரியமல்ல. அவரே எழுத்தறியாதவராகவும் இருக்கலாம். முதல் வகுப்பில் சேர வேண்டிய பிள்ளை, பள்ளியைக் காணாமலேயே இரண்டாம் வகுப்புக்குப் போயிற்று.

அந்நிலையில் தமிழக அரசு கொண்டுவந்த திட்டம்தான் 'இல்லம் தேடிக் கல்வி'. அப்போதைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அவர்கள் 2021 அக்டோபர் 27 அன்று அதைத் தொடங்கி வைத்த இடம், மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பம். மாநிலம் முழுவதும் பரவிய ஒரு திட்டம் நம் உப்பளக் கரையின் கிராமம் ஒன்றில் பிறந்தது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

அதன் ஏற்பாடு எளிமையானது. 12ஆம் வகுப்பு முடித்தவர் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கும், பட்டம் பெற்றவர் 6 முதல் 8 வரையுள்ள பிள்ளைகளுக்கும் கற்பிக்கலாம். ஒருவருக்கு ஏறத்தாழ 20 பிள்ளைகள். மாலை 5 மணி முதல் 7 மணிக்குள், ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். ஊக்கத்தொகை மாதம் 1000 ரூபாய். வீட்டுத் திண்ணை, மரத்தடி, சமுதாயக்கூடம் என்று கிடைத்த இடமெல்லாம் வகுப்பாயிற்று. ஏறத்தாழ 2 இலட்சம் தன்னார்வலர்களும் 30 இலட்சத்திற்கும் மேற்பட்ட பிள்ளைகளும் அதில் பங்குகொண்டனர். தன்னார்வலர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். படித்துவிட்டுத் திருமணமாகி வீட்டிலிருந்தவர்கள், கல்லூரிக்குச் செல்பவர்கள் என இத்தனை ஆற்றல் நம் தெருக்களில் அடைபட்டுக் கிடந்ததா என்று வியக்க வைத்தது அது.

பயன் இருந்ததா? கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரீசியோ ரொமேரோ ஆகிய பொருளியல் அறிஞர்கள் தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்தனர். 2021 டிசம்பரில், 2019இல் அதே வயதில் இருந்த பிள்ளைகளைவிட இவர்கள் தமிழிலும், அதைவிட அதிகமாகக் கணக்கிலும் வெகுவாகப் பின்தங்கியிருந்தனர். ஆனால் பள்ளிகள் திறந்து ஆறு மாதங்களுக்குள், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டுவிட்டனர். அந்த மீட்சியில் 24 சதவீதம் இம்மாலை வகுப்புகளால் விளைந்தது என்பது அவர்களின் கணிப்பு. நான்கில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். மீதம் முக்கால் பங்கும் பள்ளியும் ஆசிரியரும் வீடும் செய்த வேலை. மெட்ராஸ் முறையைப் பற்றி மேலே சொன்னதற்கு இது ஒத்துப்போகிறது: அண்டைவீட்டு அக்கா ஆசிரியருக்குத் துணையே தவிர மாற்று அல்லர். துணை என்பது சிறிய சொல்லும் அன்று. எழுத்தில் தட்டுத் தடுமாறும் பிள்ளை நாற்பது பேர் நடுவே வாய்திறக்க அஞ்சும், திண்ணையில் அஞ்சாது.

2022 ஜூனில் 1 முதல் 3 வரையுள்ள வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' தொடங்கப்பட்டது. 2023இல் வந்த 'வாசிப்பு இயக்கம்' சிறு சிறு கதைப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்துத் தந்தது. பிள்ளையின் வகுப்பைப் பாராமல் அதன் வாசிக்கும் திறனைப் பார்த்துப் புத்தகம் கொடுக்கும் இந்த ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. மக்தபில் வயது பார்த்தா யஸ்ஸர்னல் குர்ஆன் கொடுக்கிறோம்? இதற்கிடையே, பள்ளிகள் வழமைக்குத் திரும்பியபின் இல்லம் தேடிக் கல்வி மையங்களின் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. கற்பித்த பெண்கள் இன்னும் அதே தெருக்களில்தான் இருக்கிறார்கள்.

வராத பிள்ளை

இனி, முன்னே நினைவில் வைக்கச் சொன்ன அச்சிறுவனிடம் திரும்புவோம். உத்தரப் பிரதேசத்தில் ஜவுன்பூர் என்றொரு மாவட்டம். ஷர்கி சுல்தான்களின் தலைநகரமாக இருந்து, கல்விச் சிறப்பால் இந்தியாவின் ஷீராஸ் என்று பெயர் பெற்ற ஊர். 2005–06இல் பிரதம் என்னும் தொண்டு நிறுவனம் அம்மாவட்டத்தின் 65 கிராமங்களில் இளைஞர்களுக்கு வாசிப்புக் கற்பிக்கும் முறையைப் பயிற்றுவித்தது. ஊதியம் எதுவுமில்லை. இருந்தும் பெரும்பாலான கிராமங்களில் இளைஞர்கள் முன்வந்து வகுப்புகளைத் தொடங்கினர். வந்த பிள்ளைகள், குறிப்பாக எழுத்தே அறியாதிருந்தவர்கள், நல்ல முன்னேற்றம் கண்டனர். ஆனால் அக்கிராமங்களின் பிள்ளைகளில் வந்தவர்கள் 100க்கு 8 பேர் மட்டுமே! எழுத்தறியாத பிள்ளைகளிலும் மிகப் பெரும்பாலோர் வரவில்லை. கற்பிப்பவர் கிடைப்பதுதான் கடினம் என்று எல்லோரும் எண்ணியிருக்க, அவர் கிடைத்துவிட்டார். பிள்ளையை அனுப்பிவைக்க வீட்டில்தான் ஆளில்லை.

இங்கேதான் ஜமாஅத்துக்கு வேலை இருக்கிறது. வராத பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்டும் உரிமை வெளியூர் நிறுவனத்திற்கு இல்லை. அரசு அலுவலருக்கும் நேரமில்லை. மஹல்லாவின் பெரியவருக்கு அந்த உரிமை உண்டு. நிக்காஹ் என்றாலும் ஜனாஸா என்றாலும் நாம் அவ்வீட்டு வாசலில் நிற்கிறோம். மக்தபுக்கு ஒரு பிள்ளை மூன்று நாள் வராவிட்டால் காரணம் கேட்டு ஆள் அனுப்புகிறோம். அதே பிள்ளை ஐந்தாம் வகுப்பில் தமிழ்ப் பாடத்தின் ஒரு பத்தியை வாசிக்கத் தெரியாமல் உட்கார்ந்திருப்பதை நாம் கேட்பதில்லை. அது பள்ளிக்கூடத்தார் பாடு என்று விட்டுவிடுகிறோம். குர்ஆனைத் தடையின்றி ஓதும் பிள்ளைக்கு அதன் தமிழ் மொழிபெயர்ப்பை வாசிக்க முடியவில்லை என்றால், ஓதியதன் பொருளை அது யாரிடம் போய்க் கேட்கும்? ஸபரும் ஸேரும் தெரிந்த பிள்ளைக்குக் காலும் கொம்பும் எட்டாத பாடமல்ல. உட்காரவைத்துச் சொல்லித் தர ஒருவர் வேண்டும், அவ்வளவே.

ஆகவே நிர்வாகிகளின் பரிசீலனைக்கு ஒன்றை முன்வைக்கிறோம். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே மக்தப் கூடத்தில் இடம் இருக்கிறது. விளக்கும் பாயும் இருக்கின்றன. பள்ளி நாட்களில் அந்நேரத்தில் ஒரு மணி நேரம், 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிப்பு வகுப்பு நடத்தலாம். முன்னர் மாலை வகுப்பு நடத்திப் பழகிய சகோதரிகள் நம் மஹல்லாவில் இருந்தால் அவர்களையே முதலில் அழைக்கவேண்டும். ஊக்கத்தொகை கொடுப்பதா, எவ்வளவு என்பதை பொதுக்குழு முடிவு செய்யட்டும்; கொடுப்பதில் மார்க்கத் தடையேதும் இல்லை என்பதை மேலே சொன்னோம். வகுப்புக்கு வராத பிள்ளைகளின் வீட்டுக்குச் செல்ல ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பெரியவர் பொறுப்பேற்க வேண்டும். கற்பிப்பவரைத் தேடுவதைவிட இவரைத் தேடுவதில்தான் நாம் அதிக அக்கறை காட்டவேண்டியிருக்கும். கற்பிப்பவர் பிரம்பைத் தொடலாகாது என்பதையும் முதல் நாளே எழுதி ஒட்டிவிட வேண்டும்.

இவ்வகுப்பில் நம் பிள்ளைகள் மட்டும்தானா என்று சிலர் கேட்கக்கூடும். கூடாது என்று நம் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் திருப்பி அனுப்ப நமக்கு எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. பத்ருக் கைதிகளிடம் பிள்ளைகளை அனுப்பிய உம்மத் நாம். உப்பளத்திற்குச் செல்லும் குடும்பத்தின் பிள்ளை எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் பாயில் இடம் கொடுக்கவேண்டும். தொழுகை நேரம் வந்தால் அப்பிள்ளைகளைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பிவைக்கும் பொறுப்பும் நம்முடையதே.

பெயர் கொடுக்க விரும்பும் சகோதரிகளும் தெருப் பொறுப்பேற்க முன்வரும் பெரியவர்களும் ஜும்ஆவுக்குப்பின் பள்ளிவாசல் அலுவலகத்தில் தெரிவித்தால், இன்ஷா அல்லாஹ், அடுத்த பொதுக்குழுவில் அப்பெயர்ப் பட்டியலை வைத்தே இதைப் பேசலாம்.